மேடிசன் ஸ்கொயர் கார்டன்: ரயிலுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அரங்கம்

நியூயார்க் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஒரு வரி பழக்கமாகியிருக்கும்: மேடிசன் ஸ்கொயர் கார்டனின் அனுமதி 2028இல் முடிகிறது. கூடவே பென் ஸ்டேஷன் என்ற ரயில் நிலையத்தின் பெயரும் வரும். 2014 செப்டம்பர் 28 அன்று பிரதமர் மோடி அமெரிக்கவாழ் இந்தியர்களிடம் பேசிய இடம் என்று இந்த அரங்கத்தை நம்மில் பலர் அறிவோம். கூடைப்பந்தில் நிக்ஸ், ஐஸ் ஹாக்கியில் ரேஞ்சர்ஸ் என்ற இரண்டு அணிகளுக்கும் இதுதான் வீடு. சுமார் 20,000 பேர் உட்காரலாம்.

இங்கேதான் கேள்விகள் எழுகின்றன. ஒரு தனியார் நிறுவனம் தன் சொந்தக் கட்டடத்தில் விளையாட்டு நடத்துவதற்கு எதற்கு ஐந்தாண்டு அனுமதி? அனுமதி முடிந்தால் இடித்துவிடுவார்களா? ரயில் நிலையத்துக்கும் கூடைப்பந்துக்கும் என்ன சம்பந்தம்? கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்கினால்தான் மற்றவை புரியும். ஏனென்றால் இந்த அரங்கம் பிறந்ததே ஒரு ரயில் நிலையம் காலியானதால்தான்.

ஸ்கொயரும் இல்லை, கார்டனும் இல்லை

இன்றைய அரங்கம் மன்ஹாட்டனில் 31ஆம் தெருவுக்கும் 33ஆம் தெருவுக்கும் நடுவே, ஏழாவது, எட்டாவது அவென்யூக்களுக்கு இடையே இருக்கிறது. மேடிசன் ஸ்கொயர் என்ற பூங்கா அங்கே இல்லை. கொஞ்சம் தெற்கே, 23ஆம் தெருவிலிருந்து 26ஆம் தெரு வரை இருக்கிறது. அமெரிக்காவின் நான்காவது அதிபர் ஜேம்ஸ் மேடிசன் பெயரால் அமைந்த பூங்கா அது. 'கார்டன்' என்பதும் செடிகொடி வளர்க்கும் தோட்டம் அல்ல. பாட்டு, கூத்து, தீனி என்று மக்கள் மாலைப்பொழுதைக் கழித்த கேளிக்கை இடங்களை 19ஆம் நூற்றாண்டில் அப்படித்தான் அழைத்தார்கள்.

இந்தப் பெயரில் இதுவரை நான்கு கட்டடங்கள் வந்துள்ளன. முதல் இரண்டு மட்டுமே மேடிசன் ஸ்கொயர் பக்கத்தில் இருந்தன. கட்டடம் போனாலும் பெயரை விடாமல் தூக்கிக்கொண்டே வந்துவிட்டார்கள்.

ரயில் போனது, சர்க்கஸ் வந்தது

26ஆம் தெருவும் மேடிசன் அவென்யூவும் சந்திக்கும் இடத்தில் நியூயார்க் அண்ட் ஹார்லெம் ரயில்வேயின் பயணிகள் நிலையம் இருந்தது. உரிமையாளர் கார்னீலியஸ் வாண்டர்பில்ட், அன்றைய ரயில்வே கோடீஸ்வரர். 1871இல் அவர் 42ஆம் தெருவில் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தைத் திறந்ததும் பழைய நிலையம் சும்மா கிடந்தது. சர்க்கஸ்காரர் பி.டி. பார்னம் 1874இல் அதைக் குத்தகைக்கு எடுத்துத் தேரோட்டமும் மிருகக் காட்சியும் நடத்தினார். அடுத்து பாண்டு வாத்தியக்காரர் பேட்ரிக் கில்மோர் எடுத்து 'கில்மோர்ஸ் கார்டன்' என்று தன் பெயரை வைத்தார். வாண்டர்பில்ட் இறந்த பிறகு பேரன் வில்லியம் அதைத் தன் கைக்குக் கொண்டுவந்தார். 1879 மே 31 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டன் என்ற பெயர் வந்தது.

அதற்குக் கூரை கிடையாது. கோடையில் வெயில், குளிர்காலத்தில் பனி. குத்துச்சண்டை அப்போது நியூயார்க்கில் சட்டவிரோதம் என்பதால், சண்டையைச் 'செய்முறை விளக்கத்தோடு கூடிய சொற்பொழிவு' என்று அறிவித்து நடத்தினார்கள். சட்டத்தை மதித்த மாதிரியும் ஆச்சு, டிக்கெட் விற்ற மாதிரியும் ஆச்சு.

1890இல் அதே இடத்தில் இரண்டாவது கட்டடம் எழுந்தது. வங்கியாளர் ஜே.பி. மார்கன் போன்றவர்கள் பணம் போட்டார்கள். வடிவமைத்தவர் மெக்கிம், மீட் அண்ட் ஒயிட் நிறுவனத்தின் ஸ்டான்ஃபோர்ட் ஒயிட். இந்த நிறுவனத்தின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும். ஸ்பெயினின் செவில் தேவாலயக் கோபுரத்தைப் பார்த்து எழுப்பிய கோபுரம், அதன் உச்சியில் ரோமானியரின் வேட்டைத் தெய்வமான டயானாவின் வில்லேந்திய நிர்வாணச் சிலை. அழகில் குறையே இல்லை, வருமானத்தில்தான் குறை. 1906இல் இதன் மாடி அரங்கிலேயே ஒயிட் சுட்டுக் கொல்லப்பட்டார். 1924இல் ஜனநாயகக் கட்சி மாநாடு இங்கே நடந்தபோது, அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க 103 சுற்று வாக்கெடுப்பு தேவைப்பட்டது. கட்டடத்தை அடமானமாக வைத்திருந்த நியூயார்க் லைஃப் என்ற காப்பீட்டு நிறுவனம் 1925இல் அதை இடித்துவிட்டு அங்கே தன் தலைமையகத்தைக் கட்டியது. டயானா இன்று பிலடெல்பியா அருங்காட்சியகத்தில் இருக்கிறாள்.

அந்தக் காலத்தின் ஒரு மிச்சம் ஒலிம்பிக்கில் இன்றும் ஓடுகிறது. கார்டனில் ஆறு நாள் சைக்கிள் பந்தயம் நடக்கும். தூங்காமல் ஓட்டி ஆட்கள் நிலைகுலைந்ததால், ஒருவர் நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்று 1890களின் கடைசியில் சட்டம் வந்தது. ஏற்பாட்டாளர்கள் சளைக்கவில்லை. இருவர் கொண்ட அணியாக்கி, மாறி மாறி ஓட்டவிட்டார்கள். அந்தப் பந்தய வகைக்கு இன்றும் 'மேடிசன்' என்றுதான் பெயர்.

அரங்கத்துக்காகப் பிறந்த அணிகள்

அணி இருந்தால் அதற்கு ஒரு அரங்கம் கட்டுவார்கள் என்றுதான் நாம் நினைப்போம். கார்டன் விஷயத்தில் நடந்தது தலைகீழ்.

1920இல் நியூயார்க் மாநிலம் குத்துச்சண்டையைச் சட்டபூர்வமாக்கியது. அதில் பெரும் பணம் பார்த்த டெக்ஸ் ரிக்கார்ட், எட்டாவது அவென்யூவில் 49ஆம், 50ஆம் தெருக்களுக்கு நடுவே மூன்றாவது கார்டனை 249 நாளில் கட்டி முடித்தார். 1925 இறுதியில் திறந்தார்கள். வடிவமைத்த தாமஸ் லாம்ப் திரையரங்குகளுக்குப் பேர்போனவர். ஆனாலும் மேல் வரிசையில் உட்கார்ந்தால் பாதி ஆட்டம் தெரியாது. காற்றோட்டம் போதாமல் சுருட்டுப் புகை மேலே மூடுபனியாக நிற்கும்.

பெரிய அரங்கம் என்றால் பெரிய செலவு. குத்துச்சண்டை தினமும் நடக்காது. மீதி இரவுகளை எதைக் கொண்டு நிரப்புவது? இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்கள்தான் இன்றைய அமெரிக்க விளையாட்டின் ஒரு பகுதி.

1. ஐஸ் ஹாக்கி. முதல் பருவத்தில் நியூயார்க் அமெரிக்கன்ஸ் என்ற வாடகை அணி ஆடியது. கூட்டம் வருவதைப் பார்த்த ரிக்கார்ட், வாடகை மட்டும் வாங்குவானேன் என்று 1926இல் சொந்த அணியைத் தொடங்கினார். டெக்சாஸ் மாநிலக் காவல் படையான 'டெக்சாஸ் ரேஞ்சர்ஸ்' பெயரைத் திரித்து, பத்திரிகைகள் 'டெக்ஸின் ரேஞ்சர்ஸ்' என்று கிண்டலாக வைத்த பெயரே நிலைத்துவிட்டது.

2. கல்லூரிக் கூடைப்பந்து. பத்திரிகையாளராக இருந்த நெட் ஐரிஷ் 1934 டிசம்பரிலிருந்து ஒரே இரவில் இரண்டு ஆட்டம் என்று நடத்திக் கூட்டம் சேர்த்தார். 1951இல் வெடித்த சூதாட்ட முறைகேடு அந்தக் காலத்தை முடித்துவைத்தது.

3. தொழில்முறைக் கூடைப்பந்து. 1946இல் பல நகரங்களின் அரங்க உரிமையாளர்கள் ஒன்றுகூடி ஒரு கூடைப்பந்துச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஹாக்கி இல்லாத இரவுகளில் காலியாகக் கிடக்கும் இருக்கைகளை விற்பதுதான் நோக்கம். அதுவே 1949இல் என்.பி.ஏ. என்ற தேசியக் கூடைப்பந்துச் சங்கம் ஆனது. கார்டன் சார்பில் ஐரிஷ் தொடங்கிய அணி நிக்ஸ். வேடிக்கை என்னவென்றால், கல்லூரி ஆட்டங்களில் வருமானம் கூடுதலாக வந்ததால் ஆரம்ப வருடங்களில் நிக்ஸுக்குக் கார்டனில் தேதியே கிடைக்கவில்லை. பல ஆட்டங்களை ஒரு ராணுவப் பயிற்சிக் கூடத்தில் ஆடினார்கள்.

அரங்கத்தின் சொந்த அணியாக இருந்தும் மரியாதை அவ்வளவுதான். 1950இல் ரேஞ்சர்ஸ் இறுதிச்சுற்றுக்கு வந்தபோது கார்டனில் வழக்கம்போல சர்க்கஸ் நடந்துகொண்டிருந்தது. நியூயார்க் அணி தன் 'சொந்த மண்' ஆட்டங்கள் இரண்டைக் கனடாவின் டொரான்டோவில் ஆடியது. ஏழாவது ஆட்டம்வரை போய்த் தோற்றது. அரங்கத்தின் கணக்கில் யானைக்கும் ஹாக்கி வீரருக்கும் வித்தியாசம் இல்லை. அன்றிரவு எத்தனை டிக்கெட் விற்கும் என்பதுதான் கணக்கு.

காற்றை விற்ற ரயில்வே

இப்போது நான்காவது கார்டனுக்கு வருவோம். சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

பென்சில்வேனியா ரயில்வே 1910இல் பென் ஸ்டேஷனைத் திறந்தது. ரோமானியக் குளியல் மண்டபங்களை மாதிரியாக வைத்துக் கட்டிய பிரம்மாண்டமான கருங்கல் கட்டடம். வடிவமைத்தது அதே மெக்கிம், மீட் அண்ட் ஒயிட். ரயில்களோ நிலத்துக்கு அடியில், ஆற்றுக்குக் கீழே தோண்டிய சுரங்கங்கள் வழியாக வந்தன. அதாவது ரயில் ஓடுவதற்கு மேலே இருந்த மண்டபம் தேவையே இல்லை. அந்த மண்டபத்தின் தலையெழுத்தை இந்த ஒரு விஷயம் தீர்மானித்தது.

'மேல்வெளி உரிமை' என்ற சொல்லை இங்கே புரிந்துகொள்ள வேண்டும். ஒரு மனையில் எவ்வளவு தளப்பரப்பு கட்டலாம் என்று நகர விதி ஒரு அளவு வைத்திருக்கும். சென்னையில் வீடு கட்டியவர்கள் எஃப்.எஸ்.ஐ. என்று சொல்வது இதைத்தான். அனுமதித்த அளவைவிடக் குறைவாகக் கட்டியிருந்தால், கட்டாத மிச்சம் வெறும் காற்றுதான். ஆனால் நியூயார்க்கில் அந்தக் காற்றுக்கு விலை உண்டு. அதை இன்னொருவருக்கு விற்கலாம், சில நிபந்தனைகளோடு பக்கத்து மனைக்கு மாற்றலாம்.

நெடுஞ்சாலையும் விமானமும் வந்த பிறகு ரயில்வேக்கு நஷ்டம். நடுநகரில் இரண்டு தெருத்தொகுதி நிலத்தில் ஒரு பழைய மண்டபம், அதைப் பராமரிக்கவே கைக்காசு போகிறது. 1961இல் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. மண்டபத்தை இடித்து மேல்வெளியைக் கார்டனுக்கும் ஒரு அலுவலகக் கோபுரத்துக்கும் கொடுப்பது. பதிலுக்கு ரயில்வேக்குச் செலவில்லாமல் நிலத்தடியில் ஒரு சிறிய புது நிலையமும், புதிய வளாகத்தில் 25 விழுக்காடு பங்கும். 1962 ஆகஸ்டில் கட்டடக் கலைஞர்கள் சுமார் 200 பேர் வாசலில் பதாகை பிடித்தார்கள். தனியார் சொத்து, தடுக்கச் சட்டம் இல்லை. 1963 அக்டோபர் 28 அன்று இடிப்பு தொடங்கியது. கீழே ரயில் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த அதிர்ச்சியில் நகரம் 1965 ஏப்ரலில் பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டம்தான் பிறகு கிராண்ட் சென்ட்ரலைக் காப்பாற்றியது. பென்சில்வேனியா ரயில்வே 1968 பிப்ரவரி 1 அன்று, வாண்டர்பில்ட் வளர்த்த நியூயார்க் சென்ட்ரல் ரயில்வேயோடு இணைந்து பென் சென்ட்ரல் ஆனது. புதிய கார்டன் திறந்தது பத்து நாள் கழித்து, பிப்ரவரி 11. முதல் கார்டனுக்கு இடம் கொடுத்த வாண்டர்பில்ட் குடும்பத்தின் ரயில்வேயும், நான்காவதுக்கு இடம் கொடுத்த ரயில்வேயும் அந்த மாதத்தில் ஒன்றாகிவிட்டன. அந்தப் பென் சென்ட்ரல் அடுத்ததாகக் கிராண்ட் சென்ட்ரலின் மேல்வெளியில் கோபுரம் கட்டக் கிளம்பியது. நகரம் மறுத்தது. 1978இல் உச்ச நீதிமன்றம் நகரத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பென் ஸ்டேஷனுக்கு அந்தத் தீர்ப்பு பதினைந்து வருடம் தாமதம்.

ஐந்தாவது மாடியில் ஆடுகளம்

சார்லஸ் லக்மன் வடிவமைத்த வட்டமான கட்டடம் இது. கூரையை நடுவில் தூண் இல்லாமல் எஃகு வடங்கள் தாங்குகின்றன. எந்த இருக்கையிலிருந்தும் தூண் ஆட்டத்தை மறைக்காது. மூன்றாவது கார்டனின் பெரிய குறை அப்படித் தீர்ந்தது. 1971 மார்ச் 8 அன்று முகமது அலியும் ஜோ ஃப்ரேசியரும் மோதியது இங்கேதான். அதே ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று பண்டிட் ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் வங்கதேச அகதிகளுக்காக இசை நிகழ்ச்சி நடத்தியதும் இங்கேதான். முதல் நாள் ஹாக்கி, மறுநாள் கூடைப்பந்து என்றால் பனித்தரையை உருக்குவதில்லை. அதன்மேல் குளிர் தாங்கும் பலகைகளைப் பரப்பி, அதற்குமேல் மரத்தளத்தைப் பூட்டுகிறார்கள்.

கீழே ரயில் நிலையம் இருப்பதால் ஆடுகளமே சாலையிலிருந்து ஐந்து மாடி உயரத்தில் இருக்கிறது. ரசிகர் கண்ணுக்குப் படாத இரண்டு விளைவுகள் இதனால் வந்தன.

முதலாவது, அரங்கத்தின் எடை முழுவதும் தூண்கள் வழியாக நடைமேடைகளுக்கு இறங்குகிறது. ஏற்கெனவே குறுகலான நடைமேடைகளில் தூண்கள் இடத்தைப் பிடித்துக்கொள்ள, படிக்கட்டு அகலப்படுத்தவோ கூரையை உயர்த்தவோ முடியவில்லை. கொரோனாவுக்கு முன் இந்த நிலையத்தை நாளுக்கு 6 லட்சம் பேருக்கு மேல் பயன்படுத்தினார்கள். வட அமெரிக்காவிலேயே நெரிசலான நிலையம், வெளிச்சமே எட்டாத நிலவறையில்.

இரண்டாவது, லாரி. இன்றைய இசைக் குழு ஒன்று வந்தால் மேடைச் சாமான்களோடு வரிசையாகப் பெரிய லாரிகள் வரும். 1960களில் போட்ட சரக்கு வழியில் அவை நுழையாது. சுற்றுத் தெருக்களில் நிறுத்தி, இறக்கி, சரிவுப் பாதையில் மேலே கொண்டுபோக வேண்டும். ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் அந்த லாரிகளைச் சுற்றிக்கொண்டு ஓடுகிறார்கள்.

அனுமதி என்பது என்ன

நகரத்தின் மண்டல விதிப்படி 2,500 இருக்கைக்கு மேல் உள்ள அரங்கத்துக்குச் சிறப்பு அனுமதி வேண்டும். சொத்து உங்களுடையதுதான், அதை இத்தனை கூட்டத்துக்குப் பயன்படுத்துவது நகரத்தின் சம்மதத்தில் நடக்கிறது என்பதே அதன் பொருள்.

1. 1963இல் கொடுத்த அனுமதி 50 ஆண்டுக்கு.

2. 2013இல் உரிமையாளர்கள் காலவரையற்ற அனுமதி கேட்டார்கள். அந்தச் சமயம்தான் சுமார் 100 கோடி டாலர் செலவில் அரங்கத்தைப் புதுப்பித்து முடித்துக்கொண்டிருந்தார்கள். நகர மன்றம் கொடுத்தது 10 ஆண்டு. வேறு இடம் பாருங்கள் என்பதுதான் சொல்லாமல் சொன்ன செய்தி. யாரும் பார்க்கவில்லை.

3. 2023 ஜூனில் ரயில்வே அமைப்புகள், இந்த அரங்கம் இப்போதுள்ள அமைப்பில் நிலையத்தின் மேம்பாட்டுக்கு ஒத்துவராது என்று அறிக்கை கொடுத்தன. செப்டம்பரில் நகர மன்றம் 5 ஆண்டு கொடுத்தது. இதுவரை கொடுத்ததில் இதுவே குறைவு.

கவனிக்க வேண்டியது, முந்தைய அனுமதி 2023 ஜூலையிலேயே முடிந்துவிட்டது. புதியது செப்டம்பரில்தான் வந்தது. இடையில் யாரும் கதவைப் பூட்டவில்லை. 2028இலும் கடைசி நாளன்று இடிப்பு இயந்திரம் வந்து நிற்காது. அனுமதி இல்லாமல் போனாலும் கட்டடம் உரிமையாளருடையதுதான். அவ்வளவு பெரிய கூட்டத்தைக் கூட்டும் உரிமைதான் போகும். கட்டாயப்படுத்தி வெளியேற்ற வேண்டுமென்றால் அரசு நிலத்தைக் கையகப்படுத்தி இழப்பீடு கொடுக்க வேண்டும். அது வேறு சட்டம், வேறு பணம். கீழே நிலையம் தேசிய ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்கிடம், மேலே தளமேடையும் மிச்ச மேல்வெளியும் கார்டனிடம். ஒரே மனையில் அடுக்கடுக்காக உரிமையாளர்கள். விலை பேசுவது அவ்வளவு எளிதல்ல.

சொத்து வரி விவகாரம்

இதோடு சேர்த்து இன்னொரு பஞ்சாயத்தும் உண்டு. 1982இல், அணிகள் நகரை விட்டுப் போய்விடும் என்ற பயத்தில் மாநில அரசு கார்டனுக்குச் சொத்து வரி விலக்குக் கொடுத்தது. அது பத்தாண்டுக்கு மட்டும் என்றே நினைத்ததாக அன்றைய மேயர் எட் கோச் பிற்காலத்தில் சொன்னார். சட்டத்தில் முடிவுத் தேதி இல்லை. நிக்ஸும் ரேஞ்சர்ஸும் அங்கே ஆடும்வரை விலக்கு தொடரும். இன்றைய மதிப்பில் ஆண்டுக்கு 4 கோடி டாலருக்கு மேல். நகரத்துக்கு வர வேண்டிய பணம் இது, ஆனால் ரத்து செய்யும் அதிகாரம் மாநிலச் சட்டமன்றத்திடம். அரங்கம் இடம் மாற மறுப்பதற்கு ரயில் வசதி ஒரு காரணம் என்றால், இந்த விலக்கு இன்னொரு காரணம் என்று கணக்குத் தெரிந்த எவருக்கும் தோன்றும்.

2028க்குள் என்ன நடக்கலாம்

இடம் மாறுவது புது யோசனை அல்ல. எதிரே இருக்கும் பழைய தலைமை அஞ்சலகக் கட்டடத்தின் பின்பகுதிக்குப் போகும் திட்டத்திலிருந்து கார்டன் 2008இல் விலகிக்கொண்டது. அந்த அஞ்சலகத்தின் ஒரு பகுதி 2021 ஜனவரி 1 அன்று மொய்னிஹன் ரயில் மண்டபமாகத் திறந்தது. வெளிச்சமான மண்டபம்தான், ஆனால் புறநகர்ப் பயணிகளில் பெரும்பாலோர் இன்னும் கார்டனுக்கு அடியிலேதான் வண்டி ஏறுகிறார்கள். ஏழாவது அவென்யூவுக்கு எதிர்ப்புறம் இடித்துக் காலியாகக் கிடக்கும் பழைய ஓட்டல் மனைக்கு மாற்றலாம் என்று ஒரு திட்டம். அரங்கத்தை அங்கேயே விட்டு, ஒட்டியுள்ள சிறிய நாடக அரங்கை மட்டும் வாங்கி இடித்து வெளிச்சம் கொண்டுவரலாம் என்று இன்னொன்று. 2025 ஏப்ரலில் மத்திய அரசின் போக்குவரத்துத் துறை நிலையப் புனரமைப்பை மாநிலப் போக்குவரத்து ஆணையத்திடமிருந்து எடுத்து ஆம்ட்ராக்கிடம் கொடுத்ததால், பேரம் பேசும் ஆட்களும் மாறிவிட்டார்கள்.

நகரத்தின் கையில் இருப்பது அனுமதி ஒன்றுதான். எங்கே போவது, யார் பணம் கொடுப்பது என்ற இரண்டுக்கும் விடை இல்லாமல் அதைப் பிடுங்கினால், நிக்ஸும் ரேஞ்சர்ஸும் ஆட இடமில்லாமல் நிற்கும் நகரம் என்ற பழி நகர மன்றத்தின் மேல் விழும். அந்தப் பழிக்கு அஞ்சித்தான் ஒவ்வொரு முறையும் ஆண்டுகளைக் குறைத்துக்கொண்டே வந்து, அனுமதியைக் கொடுத்துக்கொண்டும் இருக்கிறார்கள். இதற்கு நடுவே அரங்கத்தின் இடம் உடனே வேறொன்றாகிவிடும் என்று எதிர்பார்ப்பவர்கள் மூன்றாவது கார்டனின் கதையைப் பார்க்கலாம். 1968இல் மூடி இடித்த பிறகு, எட்டாவது அவென்யூவின் அந்த நிலம் 1980கள் வரை கார் நிறுத்தும் இடமாகத்தான் கிடந்தது.